ஈரலை வளரச் சொல்வது யார்?

1929-இல் நாட்லர், வுல்ஃபர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய். அது மட்டும் என்றால் அன்றைக்கு எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் விசேஷம். இன்சுலின் கண்டுபிடித்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சர்க்கரை இறங்கினால் இன்சுலின் கூடியிருக்க வேண்டும், இன்சுலின் கூடினால் கோளாறு கணையத்தில் இருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. கோளாறு ஈரலில்தான் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் ஈரல் கட்டி சர்க்கரையை எப்படி இறக்குகிறது என்பதற்கு அன்று யாரிடமும் திருப்தியான பதில் இல்லை. பெரிய கட்டி சர்க்கரையைத் தின்றுவிடுகிறது என்று வெகுகாலம் சொல்லிச் சமாளித்தார்கள்.

பதில் கிடைக்க ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின. 1988-இல் வில்லியம் டாஹடே என்ற ஹார்மோன் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், சர்க்கரையை இதேபோல் இறக்கிய ஒரு தசைப் புற்றுக் கட்டியை ஆராய்ந்து, அந்தக் கட்டியே ஐஜிஎஃப்-2 என்ற பெப்டைடைச் சுரந்து இரத்தத்தில் கொட்டுவதைக் காட்டினார்கள். சில ஈரல் கட்டிகளிலும் நடப்பது இதுதான். இப்படிப்பட்ட நோயாளியின் லேப் ரிப்போர்ட் இன்றைக்கும் பயிற்சி மருத்துவர்களைத் திகைக்க வைக்கும். சர்க்கரை தரையில் கிடக்கும். இன்சுலினும் குறைவு, இன்சுலினோடு கூடவே வெளிவரும் சி-பெப்டைடும் குறைவு. இன்சுலின் இல்லாமலேயே இன்சுலினின் வேலை நடந்துகொண்டிருக்கும். ஐஜிஎஃப்-2 அமைப்பில் இன்சுலினுக்கு நெருங்கிய உறவு என்பதால், கட்டியிலிருந்து அரைகுறையாக வெட்டப்பட்டு அளவுக்கு மீறி வெளியேறும்போது இன்சுலின் ஏற்பியிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இந்தச் சர்க்கரை இறக்கம் அரிதாக வரும் பக்கவிளைவு. நமக்கு முக்கியமானது அதற்கு முந்தைய கேள்வி. ஒரு ஈரல் கட்டி எதற்காக இப்படி ஒரு பெப்டைடைச் சுரக்கிறது? வளர்வதற்காக என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கதைதான் நீளமானது.

அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும் சிறு சங்கிலிதான் பெப்டைட். சங்கிலி நீண்டு மடிந்தால் புரதம் என்கிறோம். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதில் வேதியியலாளர்களே கறாராக இருப்பதில்லை. சோமாட்டோஸ்டாட்டினில் 14 அமினோ அமிலங்கள். இன்சுலினில் 51. இஜிஎஃப் எனப்படும் வளர்ச்சிக் காரணியில் 53. ஐஜிஎஃப்-2-இல் 67. இவற்றில் எதுவும் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வதில்லை. செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று இருக்கும் ஏற்பியைத் தொடும். வளர்ச்சிக் காரணி தொட்டவுடன் ஏற்பியின் உட்புற முனையில் பாஸ்பேட் ஏறும். அங்கிருந்து ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்டிக்கொண்டே போய், கடைசியில் உட்கருவில் சைக்ளின் டி1 போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரியத் தயாராகும். வெளியே தொட்டது ஒரு நானோகிராம்கூட இல்லாத பொருள். உள்ளே நடப்பது ஒரு செல் பிறப்பு.

உடம்பில் வேறெந்தப் பெரிய உறுப்பையும்விட ஈரல் இந்தக் கட்டளைகளுக்குக் காது கொடுக்கும். 1931-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஒரு வாரம் பத்து நாளில் ஈரல் பழைய எடைக்கு வந்துவிட்டது. வெட்டிய மடல் திரும்ப முளைக்கவில்லை. மிஞ்சிய மடல்கள் பெருத்து ஈடுகட்டின. தந்தைக்கு ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் மகனின் வயிற்றிலும், அதைப் பெற்றுக்கொண்ட தந்தையின் வயிற்றிலும் சில வாரங்களில் நடப்பது இதுவே. சென்னை மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட அறுவைச் சிகிச்சை இன்று அடிக்கடி நடக்கிறது.

வளரச் சொன்னது யார் என்ற கேள்விக்கு 1967-இல் பாஸ்டனில் மூல்ட்டனும் நான்சி புக்கரும் ஓர் அழகான சோதனையால் பதில் தேடினார்கள். இரண்டு எலிகளின் இரத்தக் குழாய்களை இணைத்து, ஒன்றின் இரத்தம் மற்றொன்றில் ஓடும்படி செய்தார்கள். ஓர் எலியின் ஈரலை மட்டும் வெட்டினார்கள். கத்தியே படாத அடுத்த எலியின் ஈரலும் டிஎன்ஏ-வைப் படியெடுக்கத் தொடங்கிவிட்டது. கட்டளை இரத்தத்தில் வருகிறது என்பது அதோடு உறுதியாயிற்று. இரத்தத்தில் வரும் அந்தப் பொருளை 1984-இல் ஜப்பானின் தோஷிகாஸு நாகமுரா ஈரல் வெட்டப்பட்ட எலிகளின் சீரத்திலிருந்து பகுதியளவு பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் மிக்கலோபுலோஸும் ஏறத்தாழ அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு ஹெப்பட்டோசைட் குரோத் ஃபேக்டர், சுருக்கமாக ஹெச்ஜிஎஃப் என்று பெயர். பெப்டைட் என்பதைவிடப் புரதம் என்று சொல்லத் தக்க பெரிய சங்கிலி. அது செயலற்ற வடிவில் ஈரலின் திசுக்களுக்கிடையே சும்மா கிடக்கும். காயம் பட்டதும் நொதிகள் அதை ஓரிடத்தில் வெட்டி உயிர்ப்பிக்கும். உயிர் பெற்றதும் மெட் என்ற ஏற்பியைத் தேடிப் போகும். ஹெச்ஜிஎஃப் மரபணுவை நீக்கிய எலிக்கரு பிறக்கும் முன்பே இறந்துபோகிறது. அதன் ஈரல் சிறுத்துக் கிடக்கும்.

இஜிஎஃப் வந்த வழி வேறு. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் செலுத்திக்கொண்டிருந்த ஸ்டான்லி கோஹன், அவை இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்ணை ஒரே வாரத்தில் திறப்பதைக் கவனித்தார். வேறு ஆய்வுக்காகச் செய்த ஊசி அது. கண் சீக்கிரம் திறந்ததைப் பிசகு என்று தள்ளாமல் அதன் பின்னால் போனார். 1962-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1986-இல் நோபல் பரிசு வந்தது.

வெட்டுப்பட்ட ஈரல் பழைய அளவை எட்டியதும் நின்றுவிடும். டிஜிஎஃப்-பீட்டா போன்ற தடுப்புக் காரணிகளுக்கும் அந்த நிறுத்தத்தில் பங்குண்டு. ஆரோக்கியமான ஈரலில் கட்டளை வரும், வேலை முடியும், கட்டளை ஓயும். ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸ் ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும் ஈரலில், தினம் மது இறங்கும் ஈரலில், கொழுப்பு ஏறி வீங்கிய ஈரலில் அந்த ஓய்வு வருவதில்லை. செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். மிஞ்சியவை பிரிந்துகொண்டே இருக்கும். இடையில் தழும்பு நார் படியும். சிரோசிஸ் என்று டாக்டர் சொல்வது இந்த நிலையைத்தான். ஈரல் புற்றுநோயில் பெரும்பங்கு சிரோசிஸ் வந்த ஈரலில்தான் முளைக்கிறது. பிரிவு ஒவ்வொன்றும் மரபணுவில் ஒரு பிழைக்கு வாய்ப்பு. அந்தப் பிழைகளோடு, ஓயாத வளர்ச்சிக் கட்டளையும் சேர்ந்துகொள்கிறது.

இஜிஎஃப் இதில் எவ்வளவு தூரம் பங்கு வகிக்கிறது என்பதற்கு 2008-இல் பாஸ்டனிலிருந்து ஒரு சான்று வந்தது. இஜிஎஃப் மரபணுவில் ஓர் எழுத்து சிலருக்கு ஏ, சிலருக்கு ஜி. இரண்டு பிரதியிலும் ஜி இருப்பவர்களுக்கு இரத்தத்தில் இஜிஎஃப் கூடுதலாக இருந்தது. சிரோசிஸ் நோயாளிகளை ஒப்பிட்டபோது, அவர்களுக்கு ஈரல் புற்று வரும் வாய்ப்பு இரண்டு ஏ உள்ளவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. ஒரே நோய், ஒரே தழும்பு. ஒரு வளர்ச்சிப் பெப்டைடின் அளவு கூடக்குறைய இருப்பதில் இவ்வளவு வித்தியாசம்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வரும் கட்டளை. புற்றணு அடுத்த படிக்குப் போகிறது. 1980-இல் ஸ்போர்ன், டொடாரோ என்ற இருவர் துணிச்சலான ஒரு கருத்தை முன்வைத்தார்கள். புற்றணு தனக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணியைத் தானே சுரந்து, தன் ஏற்பியிலேயே அதை வாங்கிக்கொள்கிறது என்றார்கள். தன் வீட்டு விசேஷத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்கிற ஆள் மாதிரி. ஊர் வராவிட்டாலும் கணக்கு ஏறும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சாதாரணமாக மனித செல்லை ஆய்வகத்தில் வளர்க்க, சிவந்த ஊட்டக் கரைசலில் பத்து விழுக்காடு கன்றுக்கருச் சீரம் சேர்ப்பார்கள். சீரத்தில் இருக்கும் வளர்ச்சிக் காரணிகள் இல்லாவிட்டால் செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும், அல்லது செத்து மிதக்கும். 1982-இல் ஜப்பானில் 57 வயது ஆண் ஒருவரின் ஈரல் கட்டியிலிருந்து உருவாக்கிய ஹெச்யூஹெச்-7 என்ற செல் வரிசையைச் சீரமே இல்லாமல் வளர்க்க முடிந்தது. உப்பு, சர்க்கரை, அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், கொஞ்சம் செலினியம். அவ்வளவுதான். வளரும்படி வெளியிலிருந்து யாரும் சொல்லவில்லை, ஆனாலும் வளர்ந்தது. உலகெங்கும் ஈரல் ஆய்வகங்களில் இன்றும் அந்தச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன.

தானே சுரந்துகொள்ளும் பெப்டைடுகளில் நன்றாக ஆராயப்பட்டது, முதலில் சொன்ன ஐஜிஎஃப்-2. இது அடிப்படையில் கருவறைக் காலத்துக்கு உரியது. இதை நீக்கிய எலிக்குட்டி வழக்கமான அளவில் அறுபது விழுக்காடாகத்தான் பிறக்கும். தந்தை வழி வந்த பிரதி மட்டுமே பேசும், தாய் வழிப் பிரதி வாய் மூடியிருக்கும் என்பது இந்த மரபணுவின் இன்னொரு விசித்திரம். 1991-இல் எலியில் கண்டார்கள். மனித ஈரலில் இந்த மரபணுவை இயக்கப் பல ஆரம்பப் புள்ளிகள் உண்டு. கருவில் ஒரு கூட்டம் வேலை செய்யும். பிறந்த பிறகு அவை அணைந்து, வளர்ந்த ஈரலுக்கான வேறொன்று அளவோடு வேலை செய்யும். பல ஈரல் கட்டிகளில் பெரியவருக்கான புள்ளி அணைந்து, கருக்காலப் புள்ளிகள் மறுபடி எரியத் தொடங்குகின்றன. சிசுவின் ஈரல் வளர்ந்த வேகம் ஐம்பது வயதுக்காரரின் கட்டிக்குத் திரும்பி வருகிறது. 2016-இல் வெளியான ஆய்வொன்றில், 200-க்கும் மேற்பட்ட ஈரல் கட்டிகளைப் பார்த்ததில் சுமார் 15 விழுக்காட்டில் ஐஜிஎஃப்-2 இருபது மடங்குக்கு மேல் எகிறியிருந்தது.

சுரப்பது கூடுவது பாதிக் கதைதான். ஐஜிஎஃப்-2-ஐப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்து அழிப்பதற்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது. வளரும்படி அது யாருக்கும் சொல்லாது. கழிவு அள்ளும் வேலை மட்டும். சில ஈரல் கட்டிகளில் அந்த ஏற்பியின் மரபணுவே கெட்டுப்போயிருப்பதை 1995-இல் கண்டார்கள். வரத்தைக் கூட்டி, வடிகாலையும் அடைத்துவிட்டது கட்டி.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேறொன்று. எஃப்ஜிஎஃப்19 என்ற பெப்டைட் ஹார்மோன். ஆரோக்கியமான ஈரலில் அது ஏறக்குறைய உண்டாவதே இல்லை. சாப்பிட்டதும் பித்தம் குடலில் இறங்குகிறது. கொழுப்பைக் கரைத்துவிட்டுச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மறுபடி உறிஞ்சப்படுகிறது. பித்த அமிலம் வந்து சேர்ந்ததைக் கண்ட குடற்செல்கள் எஃப்ஜிஎஃப்19-ஐச் சுரக்கின்றன. அது ஈரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை வழியாக மேலேறி, ஈரல் செல்லின் எஃப்ஜிஎஃப்ஆர்4 என்ற ஏற்பியிலும் அதன் கூட்டாளியான பீட்டா-குளோத்தோவிலும் ஒருசேரப் பொருந்துகிறது. பித்தம் போதும், இனித் தயாரிக்காதே என்பது செய்தி. ஈரல் கேட்டுக்கொண்டு பித்தம் செய்யும் நொதியை நிறுத்துகிறது. குடலுக்கும் ஈரலுக்கும் இடையிலான இந்த ஒழுங்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நடக்கிறது.

2002-இல் அமெரிக்காவின் ஜெனன்டெக் நிறுவன ஆய்வாளர்கள், எலியின் தசையில் மட்டும் எஃப்ஜிஎஃப்19 சுரக்கும்படி மரபணுவை மாற்றினார்கள். எலிகளுக்குக் கட்டி வந்தது. தசையில் அல்ல, ஈரலில். இந்த ஒரு முடிவை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சுரந்த இடம் எங்கோ. அதற்கான ஏற்பி இருக்கும் இடத்தில் நோய். இரத்தத்தில் போகும் பெப்டைட் எல்லா உறுப்பையும் கடந்து போகிறது, கேட்கக்கூடிய உறுப்பில் மட்டும் வேலை செய்கிறது.

மனிதரிலும் சான்று வந்தது. 11-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி சில ஈரல் கட்டிகளில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பது முன்பே தெரியும். அந்தப் பகுதியில் இருக்கும் சைக்ளின் டி1 மரபணுதான் குற்றவாளி என்று நினைத்தார்கள். 2011-இல் நியூயார்க்கின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எஃப்ஜிஎஃப்19 மரபணுவும் சம பங்காளி என்று காட்டினார்கள். குடலிலிருந்து வர வேண்டிய ஹார்மோனை அந்தக் கட்டிகளில் ஈரல் செல்லே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஏறி இறங்க வேண்டிய செய்தி இரவும் பகலும் ஒலிக்கிறது.

இதை நிறுத்துவது எளிது என்று தோன்றும். எஃப்ஜிஎஃப்19-ஐப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஜெனன்டெக்கே செய்தது. எலிகளில் கட்டி வளர்வது தடைப்பட்டது. குரங்குகளுக்குக் கொடுத்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு, ஈரல் பாதிப்பு. பித்தத்தை நிறுத்தச் சொல்லும் குரலையும் மருந்து அடைத்துவிட்டதால், ஈரல் பித்த அமிலத்தைக் கட்டுப்பாடில்லாமல் தயாரித்துத் தள்ளிவிட்டது. கட்டியின் எரிபொருளும் உடம்பின் அன்றாட ஒழுங்கும் ஒரே பெப்டைட் என்பதால் வந்த வினை.

இன்னொரு குழு வேறு திசையில் போனது. எஃப்ஜிஎஃப்19 சங்கிலியின் ஒரு முனையில் ஐந்து அமினோ அமிலங்களை நீக்கி, மூன்றை மாற்றிப் போட்டார்கள். பித்தத்தைக் கட்டுப்படுத்தும் குணம் அப்படியே இருந்தது. எலிகளில் கட்டி உண்டாக்கும் குணம் போய்விட்டது. எட்டு எழுத்து மாற்றத்தில் இரண்டு வேலையும் பிரிந்துவிட்டன. அல்டாஃபெர்மின் என்ற பெயரில் அந்த மாற்றுப் பெப்டைட் மனிதர்களில் ஈரல் நோய்களுக்குச் சோதிக்கப்பட்டது.

ஏற்பியை அடைக்கும் வழியும் இருக்கிறது. எஃப்ஜிஎஃப்ஆர்4-இல் 552-ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அதன் உடன்பிறப்பான மற்ற மூன்று ஏற்பிகளில் அங்கே சிஸ்டீன் இல்லை. ஃபிசோகாட்டினிப் என்ற மாத்திரை அந்த ஒரே சிஸ்டீனைப் பற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. 2019-இல் வெளியான முதற்கட்ட முடிவில், கட்டியில் எஃப்ஜிஎஃப்19 இருந்த நோயாளிகளில் 17 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. எஃப்ஜிஎஃப்19 இல்லாதவர்களில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. 17 என்பது சிறிய எண். ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருடைய கட்டி எந்தப் பெப்டைடைத் தின்கிறது என்று பார்த்து மருந்து கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது என்பது தெரியும். சுருங்கிய சிலருக்கு அந்த 552-ஆம் இடத்திலேயோ அதன் அருகிலேயோ கட்டி ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மருந்தை உதறிவிட்டது.

மற்ற பெப்டைடுகளைக் குறிவைத்த மருந்துகளின் வரலாறு இதைவிட மோசம். ஐஜிஎஃப்-2 தன் வளர்ச்சிக் கட்டளையைச் சொல்லும் ஐஜிஎஃப்-1 ஏற்பியை அடைக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை ஈரல் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. கணிசமானோருக்குச் சர்க்கரை மட்டும் ஏறியது. ஐஜிஎஃப்-2 இன்சுலின் ஏற்பியின் கருக்கால வடிவத்திலும் போய் வேலை செய்யும் என்பதால் ஒரு வாசலை அடைத்துப் பயனில்லை. ஹெச்ஜிஎஃப்-இன் ஏற்பியான மெட்டைக் குறிவைத்த டிவான்டினிப், மெட் அதிகமிருந்த 340 பேரிடம் சோதிக்கப்பட்டது. மருந்து எடுத்தவர்கள் நடுத்தரமாக 8.4 மாதம் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 9.1 மாதம். அந்த மருந்து உண்மையில் மெட்டைத்தான் அடைத்ததா என்பதே சந்தேகத்துக்கு உள்ளானது. ஹெச்ஜிஎஃப் நல்லதா கெட்டதா என்பதிலும் எலிகள் ஒத்துப்போகவில்லை. ஓர் ஆய்வகத்தில் அதைக் கூட்டியபோது கட்டி வந்தது. இன்னோர் ஆய்வகத்தில், வேறொரு புற்று மரபணுவால் வரவிருந்த கட்டியை அதுவே தடுத்தது. இஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் எர்லோட்டினிபை, அப்போது வழக்கத்திலிருந்த சோராஃபெனிபோடு சேர்த்துக் கொடுத்ததிலும் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூடவில்லை.

வளர்ச்சியைத் தடுக்கும் பெப்டைடைக் கொடுத்தால் என்ன என்றும் யோசித்தார்கள். சோமாட்டோஸ்டாட்டின் பல சுரப்புகளை அடக்கும் ஹார்மோன். அதைச் சுருக்கி எட்டு அமினோ அமிலத்தில் செய்த ஆக்ட்ரியோடைடை 1998-இல் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் 58 ஈரல் புற்று நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஊசி போட்டவர்கள் 13 மாதம், போடாதவர்கள் 4 மாதம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு ஜெர்மனியிலும் பிரான்சிலும் பெரிய அளவில், வெற்று ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில் பயன் எதுவும் தெரியவில்லை. சின்ன சோதனையின் பெரிய முடிவைக் கண்டு துள்ளக் கூடாது என்பதற்கு மருத்துவ மாணவர்களுக்கு இதைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

வெற்றி கண்ட இடம் ஒன்று உண்டு. கட்டி தனக்கு இரத்தக் குழாய் வரவழைக்க விஇஜிஎஃப் என்ற காரணியைச் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாபையும், நோய் எதிர்ப்பு அணுக்களின் தளையை அவிழ்க்கும் அட்டிசோலிசுமாபையும் சேர்த்து டிரிப்பில் ஏற்றியபோது நோயாளிகள் நடுத்தரமாக 19.2 மாதம் இருந்தார்கள். சோராஃபெனிப் மட்டும் எடுத்தவர்கள் 13.4 மாதம். இங்கே அடைத்தது கட்டி தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கட்டளையை அல்ல, பக்கத்திலிருக்கும் இரத்தக் குழாய்க்கு அது அனுப்பும் கட்டளையை. இரத்தக் குழாயின் செல்கள் புற்றணுவைப் போல் மரபணு மாற்றித் தப்புவதில்லை. அது ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஏன் ஒற்றை அடைப்பு தோற்கிறது என்பதற்கு 2021-இல் ஷாங்காய், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் தெளிவான விளக்கம் தந்தார்கள். லென்வாட்டினிப் என்ற மாத்திரை எஃப்ஜிஎஃப் ஏற்பிகளை அடைக்கிறது. அடைத்ததும் செல் சும்மா இருப்பதில்லை. இஜிஎஃப் ஏற்பியின் வேகத்தைக் கூட்டி, உள்ளே எர்க் சங்கிலியை வேறு வழியில் ஓட்டிக்கொள்கிறது. ஈரலுக்குப் பல பெப்டைடுகள் வளரக் கட்டளையிடுவதே இதற்காகத்தான்; ஒன்று தவறினால் மற்றொன்று. பல கோடி ஆண்டுப் பரிணாமம் ஈரலைக் காப்பாற்ற வைத்த மாற்று ஏற்பாட்டைக் கட்டி தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்துகிறது. ஆய்வாளர்கள் லென்வாட்டினிபுக்கு அடங்காத, இஜிஎஃப் ஏற்பி மிகுந்த 12 பேருக்கு, இஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் ஜெஃபிட்டினிபையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கு பேருக்குக் கட்டி சுருங்கியது. சோராஃபெனிபோடு கொடுத்தபோது பயன் தராத வகை மருந்து, சரியான ஜோடியோடு வேலை செய்தது. 12 பேர் என்பதையும், கிரீட் தீவின் கதையையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இதைப் படித்துவிட்டுப் பதறக் கூடாது. இன்சுலினும் ஒரு வளர்ச்சிப் பெப்டைட்தானே என்று கேட்கலாம். கணையத்திலிருந்து இன்சுலின் முதலில் போவது ஈரலுக்கு. உடல் பருத்து, ஈரலில் கொழுப்பு ஏறி, இன்சுலின் எடுபடாமல் போனவருக்குக் கணையம் அதை அளவுக்கு மீறிச் சுரக்கும். சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் ஈரல் புற்றின் வாய்ப்பைக் கூட்டுவதில் இதற்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்காக டாக்டர் எழுதிக்கொடுத்த இன்சுலின் ஊசியை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். குறைக்க வேண்டியது தொப்பையையும் ஈரல் கொழுப்பையும்.

நான் கவலைப்படுவது வேறு ஊசியைப் பற்றி. உடற்கட்டுக்காகவும் காயம் ஆறவும் இளமைக்காகவும் என்று சொல்லி வளர்ச்சிப் பெப்டைடுகள் இணையத்தில் சீசாவில் விற்கப்படுகின்றன. ஐஜிஎஃப்-1, வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பெப்டைடுகள், ஏன் ஹெச்ஜிஎஃப்கூட உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் பெயர் சொல்லி இருக்கின்றன. தசை வளரட்டும் என்று போடும் ஊசி தசையோடு நிற்காது. தசையில் சுரந்த எஃப்ஜிஎஃப்19 ஈரலில் கட்டி வளர்த்த எலிகளை அந்த இளைஞர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

2022-இல் மட்டும் உலகில் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பேருக்கு ஈரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 7 லட்சத்து 58 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்ணும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே மருந்துகளின் இன்றைய நிலையைச் சொல்லிவிடும். பெப்டைடுகளின் கட்டளையை நடுவில் மறிப்பதைவிட, அந்தக் கட்டளை ஓயாமல் எழும்படி ஈரலைப் புண்ணாக்கும் காரணங்களைத் தடுப்பது இன்றைக்கு எத்தனையோ மடங்கு பலன் தருகிறது. தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடையே ஈரல் புற்றுநோய் பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எந்த ஏற்பித் தடுப்பு மாத்திரையும் இதன் அருகில் வரவில்லை.

நம் அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். பேறுகால அவசரத்தில் மறந்துவிடாமல் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒருமுறையாவது ஹெபடைடிஸ் பி, சி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இன்று மாத்திரை இருக்கிறது. சிரோசிஸ் என்று சொல்லப்பட்டவர்கள், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு சென்டிமீட்டரில் பிடிபடும் கட்டியை வெட்டி எடுக்கலாம், சுட்டு அழிக்கலாம்.